பதின்மூன்றாவது டப்பாவின் சத்து

கரண்டி என்றுதான் அவரை எல்லோரும் கூப்பிடுவார்கள். பெற்றவர்கள் வைத்த பெயர் சம்பளப் பட்டியலில் பத்திரமாக இருக்கிறது. அதை யாரும் போய்த் தொந்தரவு செய்வதில்லை. தண்ணீர்க் குழாய் செய்யும் ஒரு தொழிற்சாலையின் கேன்டீனில் இருபத்திரண்டு வருஷமாகச் சமைத்து, தன் கையாலேயே பரிமாறுகிறவர். செவ்வாயும் வெள்ளியும் மாட்டுக்கறியும் காய்கறியும் போட்ட குழம்பு. மூன்று மணி நேரம் வெந்த கறி, கேரட், உருளைக்கிழங்கு, பீன்ஸ், பக்கத்தில் இரண்டு ரொட்டி.

தட்டைப் பார்த்துப் போடுகிற ஆள் இல்லை அவர். முகத்தைப் பார்த்துப் போடுவார். வெல்டருக்கு ஏழு துண்டு கறி. கேட் வாட்ச்மேனுக்குப் பல் இல்லை; அவருக்குக் கறியை நாராகப் பிய்த்து, கிழங்கைக் கரண்டியின் முதுகால் நசுக்கிப் போடுவார். பெயின்ட் அடிக்கும் பெண் வாயும் வயிறுமாக இருந்தாள். அவளுக்கு இரண்டு கரண்டி. கணக்கு எழுதுகிறவருக்குக் கேரட்டைக் கண்டாலே ஆகாது, ஆகவே அவருக்குக் கேரட் கூடுதல். "கண்ணு தெரியட்டும்யா, போன மாசம் என் சம்பளத்தையே தப்பா எழுதினே" என்பார்.

இப்படி நன்றாகப் போய்க்கொண்டிருந்த இடத்தில் மேலிடத்துக்கு ஒரு ஞானோதயம் வந்தது. ஒரு தட்டுக் குழம்பில் எவ்வளவு சத்து இருக்கிறது என்று எழுதிப் பலகை மாட்ட வேண்டுமாம். மாட்டாவிட்டால் குழம்பு வயிற்றில் தங்காதோ என்னவோ! பரிசோதனைக் கூடத்திலிருந்து வெள்ளைக் கோட்டுப் போட்ட ஒரு பெண், ஐஸ் பெட்டியும் தராசுமாக வந்து நின்றாள்.

"ஒரு சராசரித் தட்டு போடுங்கண்ணே."

"யாருக்கும்மா?"

"யாருக்கும் இல்ல. சும்மா, சராசரியா."

"அப்படி ஒருத்தர் இங்க வேலை பார்க்கலியே."

அவள் பொறுமைசாலி. அரை மணி நேரம் விளக்கிப் பார்த்தாள். கரண்டி ஒவ்வொரு முறையும் கரண்டியைத் தூக்குவார், எதிரே முகம் இல்லாததைப் பார்த்துவிட்டுக் கீழே வைத்துவிடுவார். கடைசியில் அவளே இறங்கி வந்தாள். "சரி, பிரிவுக்கு ஒருத்தர்னு பதிமூணு தட்டு போடுங்க. தினமும் எப்படிப் போடுவீங்களோ அப்படியே. கூட்டவும் கூடாது, குறைக்கவும் கூடாது."

அவள் கொண்டுவந்த டப்பாக்களில் பன்னிரண்டை அவர் கண்ணை மூடிக்கொண்டே நிரப்பினார். பதின்மூன்றாவது டப்பாவில் 'கேன்டீன்' என்று சீட்டு ஒட்டியிருந்தது. கேன்டீனில் இருப்பதே இரண்டு பேர். காய் நறுக்குகிற வெங்காயக்காரி வீட்டிலிருந்து சோறு கட்டிக்கொண்டு வருபவள். ஆக அந்த டப்பா கரண்டிக்கு உரியது. அவரும் தினமும் எப்படியோ அப்படியே, நாணயமாகச் செய்தார். பந்தி முடிந்ததும் இரண்டு ரொட்டியை எடுத்து, காலிப் பாத்திரத்தின் அடியைத் துடைத்து, டப்பாவில் வைத்து மூடினார். இதில் தப்பு இருக்கிறது என்று அவருக்குத் தோன்றவே இல்லை. மனுஷன் அப்படி!

பத்து நாளில் அறிக்கை வந்தது. பதின்மூன்று குழம்பையும் மிக்ஸியில் அரைத்து, காயவைத்து, எரித்துச் சாம்பலாக்கிப் பார்த்திருந்தார்கள். வெல்டர் தட்டில் புரதம் நாற்பத்தைந்து கிராம். பெயின்ட் பெண்ணின் தட்டில் இரும்புச்சத்து ஏராளம். பதின்மூன்றுக்கு நேரே இப்படி இருந்தது: "இறைச்சி: மணம் உண்டு, பொருள் இல்லை. காய்கறி: பீன்ஸ் நுனி ஒன்று. பாத்திரம் துடைத்த ரொட்டி தவறுதலாக அனுப்பப்பட்டதா எனத் தெரிவிக்கவும்."

அகப்பை பிடிப்பவன் தன்னவனானால் எந்தப் பந்தியில் உட்கார்ந்தால் என்ன என்பார்கள். இங்கே அகப்பை பிடித்தவனும் இவன்தான், உட்கார்ந்தவனும் இவன்தான். ஆனாலும் பட்டினி.

மேனேஜர் விதிப் புத்தகத்தைத் தலையணையாக வைத்துத் தூங்குகிற ரகம். மறுநாளே கரண்டி கையில் இரண்டு உறை வந்து விழுந்தது. ஒன்று குற்றவாளிக்கு: 'ஒரு தொழிலாளிக்குத் தொடர்ந்து சத்தில்லாத உணவு வழங்கியதற்காக உங்களை ஏன் வேலையை விட்டு நீக்கக் கூடாது?' இன்னொன்று பாதிக்கப்பட்டவருக்கு: 'உங்களுக்கு இழைக்கப்பட்ட அநீதிக்கு நிர்வாகம் வருந்துகிறது. விசாரணைக்கு வந்து, குற்றவாளியை மன்னிக்கிறீர்களா எனத் தெரிவிக்கவும்.'

வீட்டில் மனைவி இரண்டையும் படித்தாள். சிரிப்பாள் என்று எதிர்பார்த்தார். அவள் முகம் கறுத்துவிட்டது.

"தினமும் சாயங்காலம் வந்ததும் கேட்கிறேன். வயிறு நிறையச் சாப்பிட்டாச்சுன்னு சொல்றீங்களே, அத்தனையும் பொய்யா?"

"பொய் இல்லடி. எல்லாரும் சாப்பிட்டாங்க. அதைப் பார்த்தாலே எனக்கு..."

"தனக்கு மிஞ்சித்தான் தானமும் தர்மமும். இது கூடவா தெரியாது?" அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "நாளைக்குப் போய் மன்னிச்சுட்டேன்னு எழுதிக் குடுத்துட்டு வாங்க. இந்த வயசுல வேலை போனா வேற எவன் உங்களைச் சேர்த்துப்பான்?"

விசாரணை அறையில் இரண்டு நாற்காலி. இடது பக்கம் குற்றம் சாட்டப்பட்டவருக்கு, வலது பக்கம் பாதிக்கப்பட்டவருக்கு. இடம் மாறிப் பதில் சொன்னால் செல்லாது என்று மேனேஜர் முதலிலேயே சொல்லிவிட்டார். கரண்டி இடது பக்கம் உட்கார்ந்தார்.

"இவருக்கு ஏன் கறி போடலை?"

"கடைசியில மிச்சம் இருக்காது சார்."

"மிச்சம் இருந்த நாளும் உண்டுன்னு வெங்காயக்காரி சொல்றாங்களே?"

"அதை வாட்ச்மேன் வீட்டுக்குக் கட்டிக் குடுத்துடுவேன்."

"பக்கத்து நாற்காலிக்காரருக்குக் குடுக்கணும்னு ஒரு நாள் கூடத் தோணலையா?"

கரண்டி காலி நாற்காலியைத் திரும்பிப் பார்த்தார். "அவன் கேட்கவே இல்லையே சார்."

எழுந்து வலது பக்கம் போய் உட்காரச் சொன்னார்கள்.

"நீங்க ஏன் கேட்கலை?"

"கேட்டா குடுக்க மாட்டான் சார்."

மேனேஜர் ஒரு எழுத்து விடாமல் எழுதிக்கொண்டார். "சரி, நடந்தது நடந்துபோச்சு. அவரை மன்னிக்கிறீங்களா? மன்னிச்சா இப்பவே ஃபைலை மூடிடலாம். இல்லேன்னா அவர் வேலை போயிடும்."

ஒரே வார்த்தைதான் சொல்ல வேண்டும். சொல்லத்தான் வந்திருந்தார். நேற்று மனைவி கண்ணைத் துடைத்துக்கொண்டது நினைவுக்கு வந்தது. வயிற்றெரிச்சல் என்று ஒன்று உண்டே, அது முதல் முறையாக அவருக்குத் தனக்காக வந்தது.

"மாட்டேன் சார்."

"என்னது?"

"மன்னிச்சா வெள்ளிக்கிழமையும் இதையேதான் பண்ணுவான். எனக்கு அவனைத் தெரியும்."

மேனேஜர் விதிப் புத்தகத்தை முன்னும் பின்னும் புரட்டினார். குற்றவாளியை வேலையை விட்டு நீக்கினால் பாதிக்கப்பட்டவருக்கும் வேலை போய்விடும். பாதிக்கப்பட்டவரைத் தண்டிக்க விதியில் இடமில்லை. மத்தியானம் வரை மண்டையை உடைத்துக்கொண்டு ஒரு தீர்ப்பு எழுதினார். குற்றவாளி தினமும் பாதிப் பந்தியில் கரண்டியைக் கீழே வைத்துவிட வேண்டும். பாதிக்கப்பட்டவர் தட்டெடுத்துக்கொண்டு மற்றவர்களோடு வரிசையில் நிற்க வேண்டும்.

வெள்ளிக்கிழமை வரிசையின் நடுவில் தட்டும் கையுமாக நின்றார். கூச்சத்தில் உடம்பு குறுகியது. கரண்டி இப்போது வெங்காயக்காரி கையில். அவளுக்கு முகம் பார்த்துப் போடத் தெரியாது.

"உங்களுக்கு என்னண்ணே போடட்டும்? கறியா, கிழங்கா?"

வாயைத் திறந்தார். முந்நூற்று நாற்பது பேருக்கு அவரால் பதில் சொல்ல முடியும். இந்த ஒரு ஆளுக்கு என்ன பிடிக்கும் என்று யோசித்து யோசித்துப் பார்த்தார், ஒன்றும் பிடிபடவில்லை. பின்னால் வரிசை நெளிந்தது.

"அண்ணே, நகருங்கண்ணே, பசிக்குது" என்றான் வெல்டர்.

"இருடா," என்றார் கரண்டி. "எனக்கும் பசிக்குது."