தட்டிப் பார்த்த சுவர்

விழுப்புரத்திலிருந்து திண்டிவனம் போகும் வழியில் பஸ் பஞ்சராகி நிற்கிறது. எதிரில் ஒரு சின்ன ஆஸ்பத்திரி. வெள்ளைக்காரன் காலத்துக் கட்டடம். கடுக்காயும் வெல்லமும் போட்டு அரைத்த சுண்ணாம்பில் எழுப்பிய தடித்த சுவர், வளைவு வைத்த வராந்தா. பக்கத்தில் கண்ணாடி பதித்த புதுக் கட்டடம் இருந்தும், நோயாளிகளோடு வந்தவர்கள் எல்லோரும் இங்கேதான் பாய் விரித்திருக்கிறார்கள்.

ஆசையில் போனில் படம் எடுத்துவிட்டு, நெஞ்சைத் தட்டிப் பார்க்கும் டாக்டர் மாதிரி சுவரைத் தட்டுகிறேன். கேப்பைக் கூழ் குடித்துக்கொண்டிருந்த அம்மா ஒருவர் சட்டென்று எழுகிறார்.

"இன்னா சார், இடிக்கறதுக்கு அளவு எடுத்துக்கினு இருக்கீங்களா? வெயிலுக்கு ஜில்லுனு இருக்கறது இது ஒண்ணுதாங்க."

வராந்தாவே என்னைப் பார்க்கிறது. நான் இன்ஜினியர் இல்லை என்று சொல்ல மனம் வரவில்லை. முகத்தை இறுக்கிக்கொண்டு இன்னொரு தட்டு தட்டுகிறேன்.

"நல்லா கெட்டியா இருக்கும்மா. இடிக்கக் கூடாதுன்னு எழுதிடறேன்."

எனக்கும் ஒரு டம்ளர் கூழ் வருகிறது. குடித்துவிட்டு, அந்த மிடுக்கிலேயே புதுக் கட்டடத்தருகே போய், அதற்குள் விரிசல் விட்டிருக்கும் அதன் சுவரைத் தட்ட விரலை மடக்கி ஓங்குகிறேன்.

அந்த அம்மா பதறிக் கத்துகிறார்: "சார், அத்தத் தட்டாதீங்க! உள்ள டாக்டரம்மா இருக்காங்க!"