வெள்ளைப் பல் சீமாட்டியும் சிவபாலன் அண்ணையும்

சிவபாலன் அண்ணை போய்விட்டார் என்று குவைத்தில் நம் மங்காஃப் வாட்ஸ்அப் குழுவில் செய்தி வந்தபோது, அவரை மடக்குவதற்காகவே நான் இரண்டு ஜப்பானியத் தொடர்களை நிறுத்தி நிறுத்திப் பார்த்துக்கொண்டிருந்தேன். லீவில் யாழ்ப்பாணம் போன இடத்தில் மாரடைப்பாம். எனக்கு முதலில் அழுகை வரவில்லை, கோபம்தான் வந்தது. கடைசியாக ஜெயித்தவராகவே போய்விட்டாரே என்ற கோபம்.

எங்கள் கம்பெனியின் தலைமைக் கணக்காளர் அவர். வெள்ளிக்கிழமை பிரியாணி முடிந்ததும் நாலைந்து பேர் என் வீட்டில் கூடி ஜப்பானை ஷோகன் என்ற படைத்தலைவர்கள் ஆண்ட காலத்துத் தொடர்கள் பார்ப்பது குழுவில் உங்கள் எல்லோருக்கும் தெரியும். எது சரித்திரம், எது கதை என்று தீர்ப்புச் சொல்லும் வேலையைத் தொடங்கியவன் நான். அவர் வந்து சேர்ந்த பிறகு எல்லோரும் அவர் முகத்தையே பார்த்தார்கள். வீடு என்னுடையது, டிவி என்னுடையது. என் மனைவி வாணிகூட அவரைத்தான் கேட்பாள்.

ஒருமுறை ஒரே காட்சியை இரு தொடர்களில் ஒப்பிட்டோம். அந்தக் காலத்தில் பிரபுக்களின் மனைவி மக்களை ஷோகன் தலைநகரில் பிணையாக வைத்திருப்பார். பிரபு ஓராண்டு சொந்த ஊரில் இருந்துவிட்டு அவர்களிடம் திரும்பும் காட்சி அது. மணமான சீமாட்டிகள் பல்லுக்குக் கறுப்பு பூசுவது வழக்கம். பழைய தொடரில் வெள்ளைப் பல், புதியதில் கறுப்பு. "புதுசுதான் கரெக்ட்" என்றேன்.

அண்ணை சிரித்தார். "தம்பி, நீர் இன்னும் பல்லைத்தான் பாக்கிறீர். புதுசில வந்த உடனே மனிசியோட கலகலவெண்டு கதைக்கிறான். ஒரு வருசம் கழிச்சு வாறவன் அப்பிடிக் கதைப்பானே? சொந்த வீட்டில எங்க இருக்கிறதெண்டு தெரியாமல் நிப்பான். பழசில நிக்கிறான், பாரும்."

"அண்ணா சொல்றதுதாங்க சரி" என்றாள் வாணி. எனக்கு வயிறு எரிந்தது. குடும்பத்தை ஊரில் விட்டுவிட்டு ஒற்றை ரூமில் தானே சமைத்துச் சாப்பிட்ட மனிதரைப் பார்த்து, பெண்டாட்டி பிள்ளையோடு இருக்கும் நான் பொறாமைப்பட்டேன். இப்போதும் படுகிறேன்.

போன வெள்ளி அவர் இல்லாமல் கூடினோம். தொடரில், பரம எதிரி செத்த செய்தி கேட்டு ஷோகன் விருந்து வைத்தான்.

"இது பொய்" என்றேன். "இத்தனை வருஷம் எதிர்த்து நின்னவன் போனா விருந்து வைக்கத் தோணாது. இனி யாருக்காக ஜெயிக்கிறதுன்னு உட்கார்ந்திருப்பான்."

எல்லோரும் என்னையே பார்த்தார்கள். யாரிடமும் கேட்காமல், எந்தப் புத்தகத்திலும் படிக்காமல் நானே சொன்ன வார்த்தை அது. வாணி கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"அப்படியே அண்ணா பேசற மாதிரியே இருந்துச்சுங்க."

அண்ணை, அதையும் உங்கள் பெயரில் எழுதிவிட்டார்கள். எழுதிக்கொள்ளட்டும். இந்த வயிற்றெரிச்சலை மட்டும் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். உங்களிடமிருந்து எனக்கென்று மிஞ்சியது இது ஒன்றுதான்.