பக்கத்து வீட்டுக்காரர் கட்டப்போன மூன்று மாடி

என் கணவருக்கு முழங்கால் வலி அதிகமாகி, மாடி ஏற முடியவில்லை. அதனால் லிட்டில் இந்தியா பக்கம் இருந்த எங்கள் மாடிவைத்த தனிவீட்டை விற்றுவிட்டு, செங்காங் வட்டாரத்தில் மகள் குடியிருக்கும், லிஃப்ட் உள்ள அடுக்குமாடி புளோக்கிலேயே ஒரு வீடு வாங்க முடிவு செய்தோம்.

பார்க்க வந்தவர்கள் எல்லாருக்கும் வீடு பிடித்தது. ஆனால் யாரும் திரும்பக் கூப்பிடவில்லை. கடைசியில் ஒரு பெண்தான் போனில் காரணத்தைச் சொன்னாள்.

"பக்கத்து வீட்ட இடிச்சிட்டு மூணு மாடி கட்டப் போறாங்களாமே ஆன்ட்டி? ஒரே சத்தமும் தூசியுமா இருக்குமே. அந்த அங்கிளே வாசல்ல நின்னு சொன்னாரு. நீங்க ஏன் மறைச்சீங்க?"

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. அந்த வாரமே பக்கத்து வீட்டுக்காரர் எங்கள் வீட்டுக்கு வந்தார்.

"இனி யாரும் வாங்க மாட்டாங்க லா, அக்கா. விலையக் குறைச்சா என் மகனுக்கு நானே எடுத்துக்கிறேன்."

அப்போதுதான் சந்தேகம் தட்டியது. வீட்டை விற்றுத்தர நாங்கள் அமர்த்தியிருந்த ஏஜெண்டை விசாரிக்கச் சொன்னேன். மாடி கட்டும் அனுமதிக்கு அவர் விண்ணப்பிக்கவே இல்லை! அந்தப் பெண்ணை மறுபடி வரவழைத்து, அவள் முன்னாலேயே அவரிடம், "பிளானக் காட்டுங்க" என்றேன்.

"சும்மா யோசிச்சேன் லா" என்று இளித்தார். வருடம் தவறாமல் என் கையால் தீபாவளிப் பலகாரம் வாங்கிச் சாப்பிட்ட மனிதர்!

வீட்டை அந்தப் பெண்ணே வாங்கிக்கொண்டாள். விற்கப் போகிறவர்களுக்கு இப்போது நான் சொல்வது ஒன்றுதான்: விளம்பரம் கொடுக்கும் முன்பே ஏஜெண்டோடு போய், பக்கத்து வீட்டாரின் திட்டத்தைக் கேட்டுவிடுங்கள். வாய்ப்பேச்சை மட்டும் நம்பாமல், அனுமதிக்கு விண்ணப்பித்திருக்கிறார்களா என்றும் பாருங்கள்.

காலி செய்த அன்று தெருவில் எல்லாரிடமும் சொல்லிக்கொண்டு புறப்பட்டேன். பக்கத்து வீட்டுக்காரர் வாசலை மட்டும் மிதிக்கவில்லை.