தியோடர் வாங்கி வந்த கிலுகிலுப்பை

தியோடர் தங்கவயல் தங்கச் சுரங்கத்தில் தண்ணீர் இறைக்கும் பம்பு ஓட்டுபவர். பெங்களூரில் மாதா கோயிலுக்குப் பின்னால், எங்கள் சந்தில் குடியிருக்கும் சில்வெஸ்டரின் மகள் ஜூடித்துக்கு அவர்தான் ஞானத்தகப்பன். ஞானஸ்நானத்தன்று அவளைக் கையில் ஏந்தி நின்றவர், அடுத்த வாரமே வேலை கிடைத்துத் தங்கவயலுக்குப் போய்விட்டார். நாலு வருடம் கழித்து, மாதா திருநாளுக்குத்தான் திரும்பி வந்தார்.

கோயில் வாசல் கடையில் சிவப்பும் மஞ்சளுமாக, பொம்மைக்குப் பேர்போன சன்னபட்டணத்து மரக் கிலுகிலுப்பை ஒன்று வாங்கினார். குழந்தைக்கு வயது நாலு என்பது அவருக்குத் தெரியாததல்ல. ஆனால் அவர் கண்ணில் நின்றதெல்லாம் வெள்ளைத் துணியில் சுற்றிய அந்தச் சிசுதான்.

வீடு நிறைய விருந்தாளிகள். ரிப்பன் கட்டிய ஒரு சிறுமி கதவைத் திறந்தாள். அவர் அவள் முகத்துக்கு நேரே கிலுகிலுப்பையை ஆட்டினார். அவள் திரும்பி உள்ளே பார்த்துச் சொன்னாள்:

"அம்மா, இவரு பாப்பாவைத் தேடுறாரு. நம்ம வூட்டுல பாப்பா இல்லன்னு சொல்லு."

எல்லாரும் சிரித்துவிட்டார்கள். பக்கத்து வீட்டு மௌரீன் விடவில்லை. "இன்னா தியோடர் அண்ணா, தொட்டில் பின்னாடி வண்டில வருதா?"

"பெரியப்பாடி, கிட்ட போ," என்றாள் தாய் டோரதி. ஜூடித் அவள் புடவைக்குள் முகத்தை மறைத்துக்கொண்டாள்.

தியோடருக்குக் காது சுட்டது. கிலுகிலுப்பையைச் சட்டைப் பையில் திணித்துக்கொண்டு வெளியே போனார். திரும்பும்போது கையில் சாவி கொடுத்தால் ஓடும் தகர ரயில் இருந்தது. கடையிலேயே விலை கூடியது அதுதான். இனி யாரும் சிரிக்க முடியாது.

ஆண்கள் எல்லாம் குனிந்து பார்த்தார்கள். "இன்னாத்துக்குப்பா இவ்ளோ பெருசு?" என்று சில்வெஸ்டர்கூட வாயைப் பிளந்தார். தியோடர் சாவி முடுக்கித் தரையில் விட்டார். ரயில் ஓடியது. ஜூடித் பாய்ந்து அதைப் பிடித்து, சாவியை எதிர்ப்பக்கம் திருகினாள்.

"தொடாதே! உடைஞ்சிடும்!"

பம்பு இரைச்சலுக்கு மேலே கத்திப் பழகிய குரல் அது. குழந்தை ரயிலைக் கீழே போட்டுவிட்டு, சத்தமில்லாமல் அழுதுகொண்டே கொல்லைப்புறம் ஓடினாள். கவிழ்ந்த ரயிலின் சக்கரங்கள் முறுக்குத் தீரும்வரை சுற்றிக்கொண்டே இருந்தன. யாரும் அதை எடுக்கவில்லை. இந்தத் தடவை மௌரீன்கூடச் சிரிக்கவில்லை.

கூடத்தில் நிற்க முகமில்லாமல் அவரும் கொல்லைப்புறப் படியில் போய் உட்கார்ந்தார். வழியில் சாப்பிட அவர் சோறு கட்டி வந்த கேரியரை டோரதி கழுவி வெயிலில் வைத்திருந்தாள். நசுங்கிய பித்தளைக் கேரியர். ஜூடித் அதை அடுக்கடுக்காகக் கழற்றிப் பரப்பியிருந்தாள். ஒன்றின் மேல் ஒன்றை ஏற்றினாள், சாய்ந்தது. மறுபடி ஏற்றினாள். மூடியைத் தலைகீழாக அழுத்தினாள். "அப்படி இல்லம்மா" என்று சொல்ல வந்த வாயைத் தியோடர் மூடிக்கொண்டார். நெடுநேரம் முயன்று அவளே மூடியைப் பொருத்தினாள். பிறகு கேரியரின் மேல் கிண்ணத்தில் மண்ணை நிரப்பி எடுத்து வந்து, அவர் முகத்தைப் பார்க்காமலே நீட்டினாள்.

"பெரியப்பா, சாப்பிடு. சுடும், ஊதி சாப்பிடு."

அவர் ஊதினார்.

மறுநாள் காலையில் ஜூடித் கேரியரை இடுப்பில் வைத்துக்கொண்டு தரமாட்டேன் என்றாள்.

"குடுடி, அவரு எதுல சோறு கட்டிக்கினு போவாரு?" என்று டோரதி அதட்டினாள்.

"இருக்கட்டும்மா, விடு," என்றார் தியோடர். அந்த ஓட்டைக் கேரியரைப் பரிசு என்று சொல்ல அவருக்கு வாய் வரவில்லை.

தங்கவயலில் மற்ற ஆட்கள் சூழ்ந்துகொண்டதை அவரே பிறகு சில்வெஸ்டரிடம் சொன்னாராம்.

"ஞானமவளுக்கு இன்னா வாங்கிக் குடுத்தே?"

"சாவி ரயிலு."

"அடேங்கப்பா! ஆமா, உன் கேரியர் எங்க?"

"தொலைஞ்சிடுச்சு," என்று சொல்லிவிட்டு, இலைப் பொட்டலத்தைப் பிரித்துத் தலை நிமிராமல் சாப்பிட்டார். குனிந்தபோது சட்டைப் பையில் கிலுகிலுப்பை கலகலத்தது.