மலட்டுப் பூ

அடியில் மூன்று ஓட்டை போட்ட நீல நிறப் பெயின்ட் பக்கெட் ஒன்று எங்கள் வீட்டுப் பின்வாசலில் இன்னும் கிடக்கிறது. தண்ணீர் நிற்காது என்பதால் தேங்காய் மட்டை போட்டு வைத்திருக்கிறோம். கம்பியை அடுப்பில் பழுக்கக் காய்ச்சி அந்த ஓட்டைகளைப் போட்டவர் என் நாத்தனார், கணவரின் அக்கா. குழந்தை இல்லை என்று கட்டியவன் கொண்டுவந்து விட்டுவிட்டுப் போனதிலிருந்து எங்களோடுதான் இருக்கிறார். அவன் இன்னொருத்தியைக் கட்டினான். அங்கேயும் குழந்தை இல்லை. அதை மட்டும் எங்கள் வீட்டில் யாரும் வாய்விட்டுச் சொன்னதில்லை.

பதினைந்து வருடத்துக்கு முன்பு நான் திண்டிவனத்தில் ஒரு ஜவுளிக்கடையில் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தேன். குளித்து, புடவை கட்டி, எட்டு மணி பஸ்ஸில் ஏறினால் என் காலை முடிந்தது. பிள்ளைகள் இரண்டையும் எழுப்பிக் குளிப்பாட்டுவது, மகளுக்குச் சடை பின்னுவது, சோறு கட்டுவது, படுக்கையில் கிடந்த மாமியாருக்கு எல்லாம் செய்வது நாத்தனார். இதற்குச் சொந்தம் என்று பெயர் வைத்திருந்தோம். எனக்கு அது ரொம்ப வசதியான பெயர்.

எங்கள் வேலிக்கு அந்தப் பக்கம் உப்பளம். கிணற்றுத் தண்ணீரே கரிக்கும், மண்ணில் கீரைகூட வராது. நாத்தனார் பிரம்மதேசத்துச் சொந்தக்காரர் நிலத்திலிருந்து ஷேர் ஆட்டோவில் மண் கொண்டுவந்து, பெயின்ட் பக்கெட்டிலும் மீன் ஏலத்தில் தூக்கிப்போட்ட தெர்மாகோல் பெட்டியிலும் நிரப்பிச் செடி வளர்த்தார். நடுவில் பரங்கி வைத்தால் ஓரத்தில் துலுக்க சாமந்தி, இன்னொரு ஓரத்தில் காராமணி. எதற்கு இத்தனை நெரிசல் என்று ஒரு நாள் கேட்டேன். “செடியத் தனியா விடக் கூடாதும்மா, அதுக்கும் துணை வேணும்” என்றார். தனியாக இருந்த மனுஷி சொன்னதால் எனக்குச் சிரிப்பு வந்தது.

கீழ்புத்துப்பட்டுப் பக்கம் இருந்த ஒரு ரிசார்ட்டின் தோட்ட சூப்பர்வைசர் மீன் வாங்க வந்தபோது இந்தப் பக்கெட்டுகளைப் பார்த்துவிட்டார். சுக்கினி விதை கொடுத்தார். பூசணி வகைதான், கொடி ஓடாது, தொட்டியிலேயே காய்க்கும் என்றார். காய்த்துக் காட்டினால் பொங்கல் முடிந்ததும் ரிசார்ட் தோட்டத்தில் வேலை, சாப்பாடு, தங்க ஒரு ரூம். தினமும் ராத்திரி மாமியார் கட்டிலுக்குக் கீழே படுக்கும் நாத்தனார் அவரிடம் கேட்டது ஒன்றே ஒன்று. “அந்த ரூமுக்கு உள்தாழ்ப்பா இருக்குதுங்களா?” இருக்கிறது என்றார். அன்று சாயங்காலமே எட்டு விதையும் மண்ணுக்குள் போய்விட்டன. இவர் போய்விட்டால் என் எட்டு மணி பஸ் என்னாவது?

செடிகள் மொட்டு விட்டிருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை சூப்பர்வைசர் வந்தார். நாத்தனார் மண் எடுக்கப் போயிருந்தார். “அக்காகிட்ட சொல்லிடுங்க. அடியில பிஞ்சு இல்லாம காம்பு மட்டும் இருக்கிற பூ முதல்ல வரும், அது ஆண் பூ. அதக் கிள்ளிடக் கூடாது, அதோட மகரந்தம் பட்டாத்தான் பிஞ்சு நிக்கும். சாமந்தியையும் அறுக்காதீங்க, அது இருந்தாத்தான் தேனீ வரும். இருக்கிறது எட்டே செடி.”

“சொல்லிடறேன் சார்” என்றேன்.

காம்பு மட்டும் இருக்கும் பூவுக்கு எங்கள் பக்கம் மலட்டுப் பூ என்று பேர். கிள்ளி மாவில் தோய்த்துச் சுடுவோம். பூவாகப் பூத்துக் கொட்டும் பரங்கிக் கொடிக்கு அதனால் ஒன்றும் ஆகாது. ஆண் பூவாம் அது. பேரை மட்டும் பெண் தலையில் கட்டிவைத்திருக்கிறோம். நாத்தனார் வந்ததும் நான் சொன்னேன்: “அக்கா, மலட்டுப் பூவ விட்டு வைக்காதீங்க. செடியோட சத்தயெல்லாம் உறிஞ்சிடுமாம், சார் சொல்லிட்டுப் போனாரு.”

முதல் பூவை அவர் கையில் பிடித்தார். “பாவம், இதுவும் ஆசையாத்தானே பூத்திருக்குது” என்றார். பிறகு கிள்ளினார். தினமும் கிள்ளினார். அம்மன் படத்துக்கு மாலை வேண்டும் என்று வெள்ளிக்கிழமைதோறும் சாமந்தியையும் அறுக்க வைத்தேன். கிள்ளிய பூவை அவரே சுட்டுத் தட்டில் வைத்தார். மொறுமொறுப்பாக இருந்தது, இன்னும் இரண்டு கேட்டு வாங்கித் தின்றேன்.

பிஞ்சுகள் விரல் நீளம் வந்தன. நுனி மஞ்சளாகி, அழுகி, ஒவ்வொன்றாக விழுந்தன. பொங்கல் முடிந்து சூப்பர்வைசர் என் போனுக்குத்தான் கூப்பிட்டார். காய்க்கவில்லை என்று உண்மையைச் சொன்னேன். வேறு ஆளைப் பார்த்துக்கொள்கிறேன் என்று வைத்துவிட்டார். நாத்தனார் அழுகிய பிஞ்சுகளை மடியில் பொறுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். “என் கை அப்படிம்மா. செடிக்குக்கூட தெரிஞ்சிருக்குது” என்றார். உள்ளேயிருந்து மாமியார், “மலடி வெச்சா எங்க காய்க்கும்” என்று சொல்லிச் சிரித்தது கேட்டது. நான், “விடுங்க அக்கா, எல்லாருக்கும் எல்லாம் கொடுத்து வெச்சிருக்காது” என்றேன். எனக்கு அப்போது வருத்தமே இல்லை. நிம்மதியாக இருந்தது. மறுநாள் எட்டு மணி பஸ்ஸில் ஜன்னலோர சீட் கிடைத்தது.

அதற்குப் பிறகு அவர் ஒரு விதையும் போடவில்லை. மாமியார் போய்ச் சேர்ந்தார். நான் இப்போது அதே கடையில் மாடி சூப்பர்வைசர். மகள் முதல் பிரசவத்துக்கு வந்திருக்கிறாள். பின்வாசலில் உட்கார்ந்திருந்தவள், “அத்தை, உதைக்குது பாரு, தொட்டுப் பாரு” என்று நாத்தனார் கையைப் பிடித்து இழுத்தாள். அவளுக்குப் பத்து வருடம் சடை பின்னிய கை. நாத்தனார் இரண்டு கையையும் முந்தானைக்குள் சுற்றிக்கொண்டு பின்னால் நகர்ந்தார். “வேணாம் கண்ணு. என் கை ஆகாது.”

மகள் என்னைப் பார்த்தாள். ஒரு வாக்கியம் போதும், சொல்லியிருக்கலாம். வாய் வரைக்கும் வந்தது. ஆனால் பிரசவத்துக்கு இன்னும் ஒரு மாதம் இருக்கிறது. அப்புறம் பத்தியச் சமையல் மூன்று மாதம், எனக்கோ லீவு கிடையாது. நீலப் பக்கெட்டிலிருந்து இரண்டு மட்டையை எடுத்து நாத்தனாரிடம் நீட்டினேன்.

“வெந்நீர் போடுங்க அக்கா, பொண்ணு குளிக்கணும்.”

முந்தானையிலிருந்து கையை எடுத்து வாங்கிக்கொண்டார்.