கரீம் பாயின் ஏரிக்கு நான் வைத்த மடை

வளைகுடாவில் எங்கள் சோனாப்பூர் லேபர் கேம்பில் கோடைக்காலத்தில் பச்சைத் தண்ணீரில் குளிக்க வேண்டுமென்றால், முந்தின நாளே வாளியில் பிடித்து ரூமுக்குள் ஏசிக்கு அடியில் வைத்துவிட வேண்டும். மொட்டைமாடித் தொட்டியிலிருந்து வருவது அரிசி போட்டால் வெந்துவிடும் பதத்தில் இருக்கும். அந்தத் தொட்டிக்குத் தண்ணீர் கொண்டுவரும் டேங்கர் டிரைவர் கரீம் பாய் என் வாளியைப் பார்த்தாலே சிரிப்பார். பாகிஸ்தானில் கில்கித்துக்கும் வடக்கே, மலைகளுக்கு நடுவே அவர் ஊர் ஏரி இருக்கிறது. ஆடி மாத வெயிலிலும் அதில் காலை வைத்துப் பத்து எண்ண முடியாதாம்.

எனக்கு முதுகுளத்தூர்ப் பக்கம். எங்கள் கண்மாயில் வருஷத்தில் எட்டு மாதம் கிரிக்கெட்தான் நடக்கும். மழை பெய்தால் மடை திறக்கும் முறை எங்கள் வீட்டுக்கும் உண்டு. அவர் ஏரிக்கோ மூன்று பக்கம் மலை, தெற்கே ஒரு பிளவு, அதன் வழியாக ஓர் ஆறு. அக்கரைக்குக் கோடையில் சுற்றிப் போக அரை நாள். குளிர்காலத்தில் ஏரி உறைந்துவிடும். குறுக்கே நடந்தால் அரை மணி. ஆனால் அப்போது வெளியே வருகிற ஒரே கணவாய் பனியில் மூடிவிடும். மடையை யார் திறப்பது என்று பலகையைத் தூக்குவதுபோல் கையால் காட்டிக் கேட்டேன்.

"மாஃபி பாய்! பானி ஆத்தா, பானி ஜாத்தா. கலாஸ்!" என்றார்.

மடையே கிடையாதாம். தானாக வந்து தானாகப் போகிற தண்ணீரை நான் நம்பவில்லை.

கேம்பில் நான் டைம்கீப்பர். லீவு விண்ணப்பங்களும் நான்தான் எழுதுவேன். போன முறை கரீம் பாய்க்கு டிசம்பரில் லீவு கொடுத்தார்கள். கணவாய் மூடியிருந்ததால் லீவு முழுக்க கில்கித்திலேயே உட்கார்ந்துவிட்டுத் திரும்பினார். கைக்குழந்தையாக விட்டுவந்த மகளுக்கு இப்போது ஆறு வயது. இந்த முறை செப்டம்பரில் கிடைத்தால்தான் முகம் பார்க்கலாம். தஞ்சாவூர்க்காரரான மேனேஜர் மசியவில்லை.

"டிசம்பர்ல போகட்டுமேய்யா. ரோடு மூடுற ஊரு எங்கய்யா இருக்கு?"

டைம்ஷீட்டின் பின்பக்கத்தில் படம் வரைந்து நீட்டினேன். மலை, பிளவு, கணவாய் எல்லாம் சரியாக வந்தன. கைப்பழக்கத்தில் ஒரு கரையும் மடையும் சேர்ந்து விழுந்துவிட்டன. மேனேஜரின் விரல் நேராக அங்கே போய் நின்றது.

"இது மடையா?"

"ஆமா சார்."

"அப்ப நெசமான ஏரிதான்யா! அவன் கதை விடுறான்னுல்ல நெனச்சேன்."

கையெழுத்து விழுந்தது. விஷயத்தைச் சொன்னதும் கரீம் பாய் டேங்கர் கதவைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். மகளுக்குக் காட்ட அந்தப் படத்தையும் வாங்கிப் போனார்.

நவம்பரில், கணவாய் மூடுமுன் இறங்கித் திரும்பி வந்தார். படமும் கூடவே வந்தது. மடைமேல் பென்சிலால் ஓர் ஆள், மீசையோடு, லுங்கியும் பனியனுமாக.

"மடையை யாரு திறப்பாங்கன்னு மக கேட்டா. நீதான்னு சொன்னேன், உன்னை வரைஞ்சுட்டா" என்றார்.

அதே வாரம் அண்ணன் கடிதம் வந்தது. கண்மாய் நிறைந்துவிட்டதாம். அவரும் வெளியூரில், நானும் இங்கே என்பதால் மடை திறக்கும் எங்கள் முறையைச் சித்தப்பா மகனுக்கு மாற்றிவிட்டார்களாம். யாரையும் குறை சொல்ல முடியாது. அன்று ராத்திரி படத்தைக் கட்டிலுக்கு மேலே ஒட்டினேன். இல்லாத மடையில் நான் மட்டும் நிற்கிறேன். அந்தப் பனியில் ஒரு ஸ்வெட்டராவது மாட்டிவிட்டிருக்கலாம் அந்தப் பிள்ளை.