ஒட்டுப்படாத நார்த்தை தேடி வத்தல்மலைக்கு

நாற்பத்து மூன்றாம் வருஷம் புரட்டாசிப் பிறப்பன்று வத்தல்மலை ஏறினேன். உல்லாசப் பயணமல்ல. பெங்களூரில் விதைக்கடை வைத்திருக்கும் என் யூத நண்பர் எலியாகுவுக்கு ஒரே ஒரு நார்த்தம்பழம் வேண்டியிருந்தது. அவர்களுடைய கூடாரப் பண்டிகையில் அதைக் கையில் ஏந்தித்தான் தொழ வேண்டுமாம். வழக்கமாகக் கப்பலில் வரும், போரினால் நின்றுபோயிற்று. பெங்களூரிலுள்ள சில யூதக் குடும்பங்களுக்கும் சேர்த்து அந்த ஒரு பழம்தான். பண்டிகைக்கு ஒரு மாதம்கூட இல்லை.

இதற்கா இவ்வளவு கவலை என்று காரிமங்கலத்தில் என் தோட்டத்துக்கே வரவழைத்தேன். எலுமிச்சை அடிமரத்தில் நார்த்தையை ஒட்டி நான் வளர்த்த மரம் சுற்றுவட்டாரத்தில் வேறு யாரிடமும் கிடையாது. காக்கைக்கும் தன் குஞ்சு பொன் குஞ்சு என்பார்கள். என் குஞ்சு நிஜமாகவே பொன். மாசு மருவில்லாத பழமாகப் பறித்து நீட்டினேன். அவர் வாங்காமல் குனிந்து, அடிமரத்தில் ஒட்டின தழும்பைத் தடவிப் பார்த்தார். முகம் வாடிவிட்டது.

"வேற வேற ஜாதி மரத்தை ஒண்ணாச் சேர்க்கறது எங்க வேதத்துல கூடாதுங்க. அப்படி வந்த பழத்தைச் சாப்பிடத் தடையில்லை. தொழறதுக்கு மட்டும் ஆகாது."

சொன்னதோடு நிற்காமல் அதை அரிந்து, உப்புத் தொட்டு முழுசும் தின்று, "ருசி பிரமாதம்" என்று வேறு சொன்னார். எனக்குக் கோபம் ஒரு பக்கம், பெருமை ஒரு பக்கம்.

ஒட்டுக்கத்தியே ஏறாத இடம் வத்தல்மலை. மறுநாள் காலை ஏழு மணி பஸ்ஸில் தர்மபுரிக்குக் கிளம்பினோம். பதினைந்து மைல், ஆறணா. பெட்ரோல் பஞ்சத்தில் கரிவாயுவால் ஓடும் வண்டி. மேடு வந்தால் பிரயாணிகள் இறங்கித் தள்ள வேண்டும், அதற்குத் தனிக் கட்டணம் இல்லை. தர்மபுரியிலிருந்து அடிவாரம் வரை மாட்டுவண்டி, ஒன்றரை ரூபாய்.

"நார்த்தங்காய்க்கா மலையேறறீங்க? சந்தையில குமிஞ்சு கெடக்குதுங்களே!" என்று வண்டிக்காரர் சிரித்தார்.

அடிவாரத்துக்கு மேல் சுமார் ஐந்து மைல் ஒற்றையடிப் பாதை. பெங்களூர் பூட்ஸ் பாறையில் வழுக்கியதால் எலியாகு அதைக் கழற்றித் தோளில் போட்டுக்கொண்டு வெறுங்காலோடு ஏறினார். இருபுறமும் சாமைக் கொல்லைகள். மத்தியானத்துக்கு மேல், சந்தைப் பழக்கத்தில் எனக்குத் தெரிந்த சடையன் என்ற மலை விவசாயியின் வீட்டை அடைந்து, தொழுவதற்கு ஒரு நார்த்தம்பழம் வேண்டும் என்றோம்.

"சாமிக்கா?" என்று ஒரு வார்த்தைதான் கேட்டார். கொல்லைக்குப் போய் இலையில் ஒரு பழத்தை வைத்து, இரண்டு கையாலும் ஏந்தி வந்தார்.

"கன்னிக் காய்ப்புங்க. எங்க மலைச்சாமிக்குன்னு விட்டிருந்தேன். உங்க சாமி இவ்வளவு தூரம் ஆளனுப்பிக் கேக்குது, எடுத்துக்கங்க."

"ஒட்டு மரமா?" என்றார் எலியாகு.

"ஒட்டாவது ஒண்ணாவது! ஒரு கொம்ப ஒடிச்சு நட்டேன், வந்துருச்சு."

"நட்டு எத்தனை வருஷம்?"

"ரெண்டு முடிஞ்சு மூணு நடக்குதுங்க."

நீட்டிய கையை எலியாகு மெதுவாக மடக்கிக்கொண்டார். மூன்று வருஷம் தாண்டாத மரத்தின் பழம் அவர்களுக்கு விலக்கு. தின்னவும் கூடாது, தொழவும் ஆகாது. நமக்கோ முதல் காயைச் சாமிக்கு விடுவதுதான் மரியாதை. சடையன் முகம் கறுத்தது.

"மொதக் காயே ஆகாதுன்னா வேற எதுங்க ஆகும்?"

வெறுங்கையோடு இறங்க வேண்டியதுதான் என்று நினைத்தேன். எலியாகு எழுந்து நின்றார்.

"உங்க காயில குறையே இல்லைங்க. மூணு வருஷம் மரத்துக்கிட்ட எதையும் கேக்கக்கூடாதுன்னு எங்களுக்குக் கட்டளை. பசிச்சாலும் கை வைக்க மாட்டோம்."

சடையன் கேட்டார்: "கன்னுக்குட்டி குடிச்ச பொறகுதான் நாங்க பால் கறப்போம். அந்த மாதிரிங்களா?"

"அதேதாங்க."

"அப்படிச் சொல்லுங்க!" என்று எழுந்து, ஓடைச் சரிவுக்குக் கூட்டிப்போனார். இளமரத்துக்குக் கொம்பு ஒடித்த கிழமரம் அங்கே முள்ளும் முடிச்சுமாக நின்றது. பழத்தின் நுனிமுனை ஒடியக்கூடாது என்று எலியாகு சொன்னதால், சடையன் கை கீறக் கீற உள்ளே புகுந்து ஒரு பழத்தைப் பறித்து மடியில் கட்டி இறக்கினார். சொரசொரப்பான தடித்த தோல். அழகில் என் மரத்துப் பழத்துக்கு உறை போடக் காணாது. எலியாகு அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். கண் நிறைந்து, தம் பாஷையில் ஏதோ முணுமுணுத்தார். ஆயிரம் ஒட்டுப் போட்ட எனக்கு, இந்த மண்ணுக்காரன் என்பதில் அன்றைக்கு வந்த பெருமை அதற்கு முன் வந்ததில்லை.

போக நினைப்பவர்களுக்கு: ஐப்பசி மழைக்கு முன் போய்விடுங்கள். பாதையில் கடை இல்லை, கட்டுச்சோறு அவசியம். மலையில் யாராவது இரண்டு கையால் எதையாவது கொடுத்தால், உங்கள் சட்டம் என்னவானாலும் முதலில் எழுந்து நின்று பேசுங்கள்.

இறங்கும்போது சடையன் பாதை திரும்பும் இடம் வரை வந்தார். கன்னிக்காய் இப்போது அவர் மடியில் இருந்தது. மலைச்சாமிக்கு வைக்கப் போகிறாராம். எலியாகு சங்கடத்தோடு அதையே பார்ப்பதைக் கவனித்துவிட்டு அவர் சொன்னார்:

"மனசுல ஒண்ணும் வெச்சுக்காதீங்க. எங்க சாமிக்குப் புள்ள காய், உங்க சாமிக்கு ஆத்தா காய்."